பேனர் எழுதுபவர் கலைஞர் இல்லையா? கொழும்பின் போராட்டக் கலை வட்டத்தில் வர்க்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் பட்டறையில் பெயர்ப்பலகையும் பதாகையும் எழுதுகிறோம், துணியில் ஸ்க்ரீன் பிரின்ட் அடிக்கிறோம். எங்களில் சிலர் சொந்தமாகப் படமும் வரைகிறோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், தொழிற்சங்கம், காணி, வீடு என்று ஏதாவது ஒரு பிரச்சினைக்காக நடக்கும் கண்காட்சிகளுக்குக் கூப்பிட்டால் போகிறோம். இவற்றை நடத்தும் வசதியான கலைஞர்களையும் அமைப்புகளையும்தான் போராட்டக் கலை வட்டம் என்கிறேன். எழுத்துப் பழக வரும் பிள்ளைகளும், கண்காட்சி முடிந்து முகம் சுண்டித் திரும்பும் நண்பர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் என் கருத்து. பட்டறைக்குள்ளேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

யாரும் எங்களை ஏசுவதில்லை. கட்டிப்பிடித்துத்தான் வரவேற்கிறார்கள். பிறகு எதைப் பாகுபாடு என்கிறீர்கள்?

ஏசினால் வேலை சுலபம். திருப்பி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம். வசதியானவர்கள் வாழும் கொழும்பு 7 பக்கம் நடப்பது வேறு. திட்டமிடல் கூட்டத்தை வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு வைப்பார்கள். நாட்கூலிக்காரருக்கு அதில் அரை நாள் சம்பளம் போய்விடும். கண்காட்சித் திறப்பு மாலை ஆறரைக்குத் தொடங்கும். அடுத்த வேலை யாருக்கு, எந்தத் தூதரகத்தில் இந்த வருடம் காசு இருக்கிறது, யாரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்செல்லாம் அதற்கும் பிறகு, யாராவது ஒருவர் வீட்டு மேல்மாடியில் நடக்கும். அதுவரை மட்டக்குளி பஸ் நமக்காக நிற்காது. அழைப்பிதழில் என்னவோ 'அனைவரும் வருக' என்றுதான் இருக்கும்.

அப்புறம் பெயர். கண்காட்சிப் புத்தகத்தில் மற்றவர்களுக்கு முழுப் பெயர், படித்த இடம், காட்சிக்கு வைத்த நாடுகள். நமக்கு 'கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கைவினைஞர்'. பேசும்போதும் அப்படித்தான். ஐம்பது வயதுப் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளையை அவர் 'மிஸ்' என்கிறார். 'மிஸ் எல்லாம் வேண்டாம், நாமெல்லாம் தோழர்கள்' என்று அந்தப் பிள்ளை அன்பாகச் சொல்லும். அதை உண்மையாகவே நம்பவும் செய்யும். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடுவது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏழைகளுக்காகப் போராடுகிறவர்களிடம் போய் இப்படிக் குறை சொல்லலாமா?

அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். நகைக்கடை முதலாளியிடம் சமத்துவத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சமத்துவம் என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதச் சொல்லி, அதற்கு நம்மையே கூலிக்குப் பிடிக்கிறவர்களிடம் எதிர்பார்க்கலாம்தானே.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் நிற்கும் ஒருவருக்கு, தானும் ஒரு விதத்தில் அதிகாரம் உள்ள ஆள்தான் என்ற நினைப்பே வராது. 'நாங்கள் உங்கள் பக்கம்' என்பதோடு அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. நாம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் காசுக்காக வந்தவர்கள் ஆகிவிடுகிறோம். நேரத்தைப் பற்றிக் கேட்டால் ஈடுபாடு போதாதவர்கள். அவருக்கு மாதச் சம்பளமோ அப்பாவின் வீடோ இருக்கிறது என்பது மட்டும் பேச்சில் வராது.

இது இந்தக் காலத்துப் பிரச்சினையா?

இல்லை. கொழும்பின் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேச வந்தால் எல்லாரும் 1943இல் தொடங்கிய '43 குழு'விலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் எல்லாரும் நல்ல ஓவியர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ரசனையை உடைத்தவர்கள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். குழுவைக் கூட்டிய லயனல் வென்ட் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், கையில் காசுள்ளவர். கில்ஃபர்ட் கிரசென்டில் அவர் பெயரில் நிற்கும் அரங்கு, அவர் வீடு இருந்த காணியில் எழுந்தது. புத்த பிக்குவாக இருந்த மஞ்சுஸ்ரீயைப் போல வேறு வழியால் உள்ளே வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.

இடதுசாரி அரசியலும் அப்படித்தான் தொடங்கியது. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பியவர்கள். அவர்கள் தொழிலாளிக்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரிசி விலையேற்றத்தை எதிர்த்து நடந்த 1953 ஹர்த்தாலைச் சும்மா மறந்துவிட முடியாது. ஆனால் யார் பேசுவது, யார் கேட்டுக்கொண்டிருப்பது என்ற ஒழுங்கு அப்போதே போடப்பட்டுவிட்டது.

தமிழ்ப் பக்கம் நாம் யோக்கியமா? யாழ்ப்பாணத்தில் சலூனில் முடி வெட்டிக்கொண்டே கதை எழுதியவர் டொமினிக் ஜீவா. அவரும் அவரைப் போன்ற முற்போக்கு எழுத்தாளர்களும் சனங்களின் பேச்சை அப்படியே கதையில் எழுதியபோது, 1960களில் அதை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சொன்னார்கள். அங்கே வர்க்கமும் சாதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன, இன்றும் கிடக்கின்றன. ஜீவா என்ன செய்தார்? 1966இல் 'மல்லிகை' என்று சொந்தமாக ஒரு சஞ்சிகை தொடங்கினார். நானூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தன. பிற்காலத்தில் அதை நம்முடைய கொழும்பு 13க்கே கொண்டுவந்து நடத்தினார். தானே கையில் தூக்கிக்கொண்டு போய் விற்றார். 2021 ஜனவரியில் அவர் இறந்தபோது, இப்படி ஒரு ஆளா என்று கேட்ட இளம் ஓவியர்களைப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் இப்போது அவரைப் பற்றிக் கட்டாயம் பேசுகிறோம்.

ஆங்கிலம் தெரியாததுதான் பிரச்சினையா? படித்துக்கொள்ளலாமே?

படியுங்கள், நல்லது. ஆனால் இந்த நாட்டில் சிங்களமும் தமிழும்தான் அரச கரும மொழிகள். போராட்டக் கலைக் கூட்டம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கிறது. சிங்களத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இதே கஷ்டம்தான். நமக்கு இன்னொரு படி கூட: ஆங்கிலம் நின்றால் பேச்சு சிங்களத்துக்குத் தாவும். 'விளங்குதுதானே?' என்று கேட்பார்கள். விளங்கும். ஆனால் விளங்குவது வேறு, மறுத்துப் பேசுவது வேறு.

படிப்பு விஷயத்தையும் இதோடு பாருங்கள். கொழும்பு 7இல் இருக்கும் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கான பல்கலைக்கழகத்தில் படிப்பு பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் ஓவியம் படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்கோ, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போக வேண்டும். மட்டக்குளியில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்பவரின் மகள், வீட்டுக்கு உழைக்க வேண்டிய வயதில், சொந்த ஊரை விட்டு நாலு வருடம் போய்ப் படிக்க வேண்டும். பிறகு ஒரு விண்ணப்பப் படிவம் அவளிடம் 'முறையான கலைக் கல்வி உண்டா?' என்று கேட்கும்.

படத்தைப் பற்றி எழுதிக் கொடு என்று கேட்டால் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு அவர்கள் வேலை. அவர்கள் செலவுத் திட்டத்தில் சாப்பாட்டுக்கு ஒரு வரி இருக்கிறதென்றால் மொழிபெயர்ப்புக்கும் ஒரு வரி இருக்கலாம்.

பதாகை எழுதுவது கைவேலை, கலை இல்லை என்கிறார்களே?

ஒரு பதாகை எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆர்ப்பாட்டத்துக்கு முதல் நாள் இரவு துணி வரும். இழுத்து ஆணியடித்து, சோக் பூசிய நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அதன் மேல்தான் எழுத்து. மூன்று மொழியும் ஒரே துணியில் வரவேண்டும். சிங்கள எழுத்து வட்டமாக உட்காரும். தமிழில் கொம்பும் காலும் சேர்ந்து அகலத்தைச் சாப்பிடும், 'ழு'வின் வால் கீழ் வரிக்குள் இறங்கும். நூறு அடி தூரத்தில், நடந்துகொண்டே பிடிக்கும் துணியில், ஓடும் பஸ்ஸில் இருப்பவர் வாசிக்க வேண்டும். எந்த எழுத்தைத் தடிப்பாக்கினால் கண்ணில் படும், எந்த நிறம் படம் பிடிக்கும்போது வெளுத்துப்போகும், இனாமல் பெயின்டில் எவ்வளவு தின்னர் கலந்தால் துணியில் ஊறிப் பரவாது, இதெல்லாம் முடிவு எடுக்கிற வேலை. யாரோ சொன்னதைக் கையால் பிரதி எடுப்பதோடு முடிகிற காரியம் இல்லை.

ஒரு முறை எங்களுக்கு வந்த வாசகத்தில் தமிழ் வரி கணினி மொழிபெயர்ப்பு. 'நீதி வேண்டும்' என்று வர வேண்டிய இடத்தில் ஏதோ நீதிபதி தேவை என்கிற மாதிரி இருந்தது. போன் செய்து சொன்னோம். 'அனுப்பியதை அப்படியே எழுதுங்கள், எல்லாம் ஒப்புதல் வாங்கிவிட்டோம்' என்று பதில். ஒப்புதல் கொடுத்தவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாங்கள் திருத்தித்தான் எழுதினோம். அடுத்த நாள் அதே பதாகையின் படம் எல்லா இடமும் போனது. அமைப்பின் பெயர் இருந்தது, படம் எடுத்தவர் பெயர் இருந்தது. தமிழைத் திருத்தியதற்கு ஒரு நன்றியாவது வந்திருக்கலாம், சரி, விடுங்கள்.

இதே எழுத்தை ஒரு பெரிய கலைஞர் சட்டகம் போட்டு வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டால் அது 'தெருவின் காட்சி மொழி' ஆகிவிடும். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கொழும்பில் கையால் எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். சினிமாக் கொட்டகைகளுக்குக் கட்அவுட் வரைந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அழிந்துபோகும் கலை என்று கட்டுரை எழுதக் காட்டும் அக்கறையை, அடுத்த பதாகையை ஃப்ளெக்ஸில் அடிக்காமல் கையால் எழுதத் தருவதில் காட்டினால் போதும்.

எங்கள் படங்கள் 'கலண்டர் படம் மாதிரி' இருக்கின்றன என்று சொல்லி நிராகரித்தார்கள். ரசனை இல்லாதவர்களா நாங்கள்?

கலண்டர் படம் பார்த்துத்தான் நானும் வரையப் பழகினேன். சிவகாசியில் அச்சான முருகன், வேல், மயில். அந்த ரோஸும் பச்சையும் சேரும் இடத்தைச் சரியாகக் கொண்டுவர எவ்வளவு கஷ்டம் என்று வரைந்தவருக்குத் தெரியும். போராட்டக் கலை என்றால் கறுப்பு, சாம்பல், துரு நிறம், முள்ளுக்கம்பி என்று ஒரு வழக்கம் கொழும்பில் உண்டு. எனக்கு அது ஒரு சீருடையாகத்தான் படுகிறது.

'கலா பொல'வைப் பற்றி இந்த வட்டம் பேசுவதைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். 1993இலிருந்து விகாரமகாதேவி பூங்காப் பக்கம் தெருவோரத்தில் நடக்கும் ஓவியச் சந்தை அது. யானை, பெரஹரா, தாமரைக் குளம் என்று நிறைய இருக்கும், உண்மைதான். ஆனால் கம்பஹாவிலிருந்தும் குருநாகலிலிருந்தும் படத்தைக் கட்டிக்கொண்டு வருகிறவர் அங்கே நேரே வாங்குபவரிடம் விலை பேசுகிறார், சாயங்காலம் கையில் காசோடு போகிறார். பெரிய நிறுவனத்தின் ஆதரவில் நடப்பது, அதில் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனாலும் 'அலங்காரப் படம்' என்று உதட்டைச் சுழிக்கிறவர்களின் கண்காட்சிகளில் எத்தனை பேர் அன்றைக்கே காசோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காசு ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? வேண்டுமென்றே செய்கிறார்களா?

பெரும்பாலும் வேண்டுமென்று இல்லை. முறையே அப்படி. வெளிநாட்டு நிதியில் நடக்கும் வேலைகளில் பணம் தவணையாக வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் இரண்டாவது. அதனால் 'நீங்கள் செலவழித்துவிட்டு பில்லைத் தாருங்கள், திருப்பித் தருகிறோம்' என்பார்கள். கையில் மிச்சம் இருப்பவருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். மிச்சம் இல்லாதவர் இதற்காக நகை அடகு வைக்க வேண்டும்.

பில் இன்னொரு கூத்து. மூன்று கடைகளில் விலைக் கோரல் எடுத்து வரச் சொல்வார்கள். பஞ்சிகாவத்தையிலும் புறக்கோட்டையிலும் நாம் வாங்கும் கடைகளில், நாலு டின் இனாமலுக்கும் ஒரு போத்தல் தின்னருக்கும் விலைக் கோரலா? கடைக்காரர் சிரிப்பார். தெரிந்த முதலாளி என்றால் துண்டுச் சீட்டில் தொகையை எழுதி, கேட்டால் கடை முத்திரை குத்தித் தருவார். அந்தச் சீட்டைக் கணக்காளர் ஏற்க மாட்டார், பதிவு இலக்கம் வேண்டும், தலைப்புக் கடிதம் வேண்டும். அப்படிப் பில் தரும் கடை பெரிய கடை, அங்கே அதே டின் கூடிய விலை. ஆக, மலிவாக வாங்கத் தெரிந்தவர் தன் திறமைக்காகவே தண்டிக்கப்படுகிறார். நண்பர் ஒருவரின் மூன்று மாதப் பாக்கி இப்படி ஒரு சீட்டில் நின்றது. அமைப்பின் பெயர் வேண்டாம், அவர்களும் நல்லவர்கள்தான், கணக்காளரும் தன் வேலையைத்தான் செய்தார்.

2022 பொருளாதார நெருக்கடி நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. இறக்குமதிப் பெயின்ட், பிரஷ், கன்வஸ் எல்லாம் ஒரேயடியாக ஏறியது. பெப்ரவரியில் பேசிய தொகையை ஜூனில் அப்படியே தந்தவர்கள் உண்டு. டொலரில் நிதி பெற்ற அமைப்புக்கு அதே மாற்றத்தில் ரூபாய்க் கணக்கு ஊதியது. அந்த வித்தியாசத்தைப் பகிர்ந்துகொண்ட ஒரு அமைப்பைத்தான் எனக்குத் தெரியும். கேட்டால்தான் தருவார்கள் என்பதால் கேட்கப் பழகுங்கள்.

'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். சொல்லலாமா?

சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள். ஆனால் கதையைத் தவிர வேறு எதையும் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

2010 மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தார்கள். அந்த ஆண்டுதான் நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு, கொழும்பில் 'தோட்டம்' என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்து மாடி வீடுகளுக்குப் போயின. இதைப் பற்றிக் கொழும்பில் நிறையக் கலை வந்தது. புகைப்படம், ஒலிப்பதிவு, வீட்டுச் சாமான்களை அடுக்கிய காட்சி. சிலது உண்மையிலேயே நெஞ்சைத் தொட்டது. ஆனால் மாடி வீட்டில் இருந்த ஒரு தையல்காரி அக்கா, பழைய வீட்டின் தரைப் படத்தைத் துணித் துண்டுகளால் தைத்து வைத்திருந்தார். அடுப்படி எங்கே, மிதிவண்டி சாத்திய சுவர் எது, எல்லாம் அளவோடு. பார்க்க வந்த குழு அவர் அழுததைப் பதிவு செய்துகொண்டு போனது. துணியைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை. அவர் சாட்சி, கலைஞர் அல்ல என்று வாசலிலேயே முடிவாகிவிட்டது.

நாம் பூவை வரைந்தால் யாருக்கும் ஆர்வம் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டையும் சேரியையும் வரைந்தால்தான் அது 'உண்மையான குரல்'. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு எதை வேண்டுமானாலும் வரைய உரிமை உண்டு. நமக்கு நம் வறுமையை மட்டும் வரைய அனுமதி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அவமானமாகப் படுகிறது.

மலையகத் தப்புப் பறைக் குழுக்களை இப்போது எல்லா நிகழ்ச்சிக்கும் கூப்பிடுகிறார்களே, அது நல்ல விஷயம்தானே?

மேடை கிடைப்பது நல்லது. 2023இல் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் என்று பேசப்பட்ட வருடம் கூடுதலாகவே கூப்பிட்டார்கள். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். விடியற்காலையில் ஹட்டனிலிருந்து வேனில் ஏறி வருகிறார்கள். தோலைச் சூடு காட்டி இறுக்க நெருப்பு மூட்ட வேண்டும். மண்டபத்தில் அனுமதி இல்லை என்று காவலாளி வந்து நிற்பார், வாகனத் தரிப்பிடத்தில் பழைய பேப்பரைக் கொளுத்திச் சமாளிப்பார்கள். பத்து நிமிடம் அடித்ததும் கைதட்டல். அதன் பிறகு மேடையில் மலையகக் கலையைப் பற்றி ஒரு கலந்துரையாடல், ஆங்கிலத்தில். அடித்தவர்கள் பின்வாசலில் சோற்றுப் பார்சலோடு இருப்பார்கள். காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் வருடக்கணக்காக ஆடி வந்தவர் அந்தக் கூட்டத்தில் இருக்கும்போது, அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தவர் நாற்காலியில் இருப்பார். தப்பு அடிப்பதைச் சாதியோடு கட்டி வைத்த ஊர் இது. அதை உடைக்கிறோம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அதே இடத்தில் நிறுத்துவது என்ன கணக்கோ.

2022 மக்கள் போராட்டமான அரகலயவில் இதெல்லாம் மாறியதாகச் சொன்னார்களே?

கொஞ்ச நாள் மாறியது, உண்மை. ஏப்ரல் 9ஆம் தேதி காலிமுகத்திடலில் கூடாரம் போட்டதிலிருந்து யார் வேண்டுமானாலும் பிரஷ் எடுக்கலாம் என்ற நிலை இருந்தது. நூலகம், ஓவியக் கூடாரம், இரவில் படம், பாட்டு. ஓட்டோ ஓட்டுகிறவர் ஒரு அட்டையில் வரைந்ததும், கலைக் கல்லூரி மாணவர் வரைந்ததும் பக்கத்துப் பக்கத்தில் கட்டப்பட்டன. மே 18 அன்று, போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்து அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். கொழும்பில், கடற்கரையில், சிங்களச் சனங்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஜூலை 22 விடியற்காலையில் படையினர் வந்து ஆட்களை அடித்து, கூடாரங்களைப் பிடுங்கினார்கள். பிறகு அந்தக் காலம் கண்காட்சியும் கட்டுரையுமாக மாறத் தொடங்கியபோது, பழைய வரிசை திரும்பி வந்தது. எந்த அட்டையை யார் வரைந்தார் என்று எழுதி வைக்காததால், எழுதத் தெரிந்தவர்களின் பெயர்களே மிஞ்சின.

வர்க்கம் என்று பேசினால் தமிழர் பிரச்சினை மறைந்துவிடாதா?

பயப்பட நியாயம் உண்டு. 1923 பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் அவரே இந்தியத் தொழிலாளிகளுக்கு எதிராகத் திரும்பினார், அவரோடு நின்ற தமிழ்த் தொழிற்சங்கவாதி நடேச ஐயர் பிரிந்து போனார். கொழும்புத் தொழிலாளி வரலாறு தெரிந்தவர்கள் 'நாமெல்லாம் ஒன்று' என்று சொல்லும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்கள். அதே சமயம், வெள்ளவத்தை மாடி வீட்டில் இருந்துகொண்டு 'நம்ம சனம்' என்று பேசும் தமிழ்க் கலை ஆர்வலர், தன் வீட்டில் வேலை செய்யும், பதுளையிலிருந்து வந்த மலையகப் பிள்ளைக்கு எந்தக் கோப்பையில் தேநீர் கொடுக்கிறார் என்பதையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

பெண்களுக்கு?

எல்லாம் இரண்டு மடங்கு. இரவு திரும்புவது, வீட்டில் பதில் சொல்வது, பிள்ளையை யாரிடம் விடுவது. பதாகை எழுதும் பெண்ணை எல்லாரும் படம் பிடிப்பார்கள். பேச்சாளராகக் கூப்பிட மாட்டார்கள்.

துணிச்சலான படம் வரைய எங்களைத் தூண்டுகிறார்கள். பிடிபட்டால்?

இதைச் சும்மா எடுத்துக்கொள்ளாதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் அந்தச் சட்டத்தில் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது 2023 டிசம்பரில். அவருக்காகப் பலர் குரல் கொடுத்தார்கள். அப்படியும் அத்தனை காலம் எடுத்தது.

ஒரே சுவரில் இரண்டு பேர் வரைந்தால் இரண்டு பேருக்கும் ஒரே ஆபத்து இல்லை. ஒருவருடைய மாமா வழக்கறிஞர், இன்னொருவருக்குப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுத ஆள் கிடைப்பதே சந்தேகம். ஒரு நாள் உள்ளே இருந்தால் ஒரு நாள் சம்பளம் இல்லை. வரைவதற்கு முன் கேளுங்கள்: வழக்கறிஞர் யார், அவர் தொலைபேசி இலக்கம் என்ன, நான் உள்ளே போனால் வீட்டுக்கு யார் காசு கொடுப்பது? பதில் இல்லையென்றால் ஓவியத்தை அவர்களே வரையட்டும்.

நான் நடுத்தர வர்க்கம், இப்படி ஒரு அமைப்பில் வேலை செய்கிறேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், அதில் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. பொருளுக்கான காசை முன்னாலேயே கொடுங்கள். கூலியை வேலை முடிந்த அன்றே கொடுங்கள். நிதி கொடுப்பவரிடம் துண்டுச் சீட்டையும் ஏற்கச் சொல்லி நீங்கள் சண்டை பிடியுங்கள், அந்த மொழி உங்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தை ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் வையுங்கள், ஒரு முறை நீங்கள் பஸ் ஏறி வாருங்கள்.

எல்லாவற்றையும் விட, படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எங்களை இருத்துங்கள். பயிற்சிப் பட்டறை வேண்டாம். 'திறன் மேம்பாடு' என்று இருபத்தைந்து வருடம் பிரஷ் பிடித்தவருக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தேநீரும் ரோல்ஸும் நன்றாக இருந்தன.

பேசாமல் விலகி, சொந்தமாக ஒரு இடம் தொடங்கினால் என்ன?

தொடங்கலாம். ஆனால் வாடகை யார் கொடுப்பது என்பதில் முடிவெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நாங்கள் பட்டறையின் முன்சுவரைத்தான் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறோம். கல்யாணப் பலகை எழுத வருகிறவரும் அதைப் பார்க்கிறார், விலை கேட்கிறார், சில நேரம் வாங்குகிறார். அந்த வட்டத்தோடு உறவை முறிக்கவில்லை. அங்கே நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், நல்ல படங்களும் இருக்கின்றன. நம் நிபந்தனையில் போகிறோம்.

கடைசியாக, ஒரு கண்காட்சிக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

வாட்ஸ்அப்பில் என்றாலும் எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு, எந்தத் தேதியில், முற்பணம் எவ்வளவு. பெயரைத் தமிழில் எப்படிப் போட வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். படம் விற்றால் யாருக்கு எத்தனை வீதம் என்று கேளுங்கள். படத்தை அச்சிட்டாலோ சட்டையில் அடித்தாலோ தனிக் காசு. இன்னொன்று, பலரும் மறப்பது: கண்காட்சி முடிந்த பிறகு படத்தைத் திருப்பிக் கொண்டுவருவது யார்? ஆறடிப் படத்தை ஓட்டோவில் ஏற்ற முடியாது, சின்ன லொறி வேண்டும். கொழும்பு 7இலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அந்த லொறிக் கூலியை நான் இரண்டு தடவை என் பையிலிருந்து கொடுத்திருக்கிறேன். இப்போது அதையும் முதல் நாளே எழுதிக் கேட்கிறேன், பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.